பாட்டி வீட்டுக்கு வந்தாலும் பாஸ்போர்ட் வேண்டும்!

புதுச்சேரிக்கு விடுமுறையில் வருகிற வெளிநாட்டார் இரண்டு வகை. ஊரைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை. உறவைப் பார்க்க வருகிறவர்கள் இன்னொரு வகை.

ஊரைப் பார்க்க வருகிறவர் பயந்து பயந்து வருகிறார். ஆறு மாதத்துக்கு முன்பே விசாரிக்கத் தொடங்குகிறார். எந்த ஊசி போடுவது, எந்தத் தண்ணீரைக் குடிப்பது, ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுப்பது என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறார்.

உறவைப் பார்க்க வருகிறவர் எதையும் விசாரிப்பதில்லை. "அது என் பாட்டி பிறந்த ஊர். எனக்கு யார் வழி சொல்ல வேண்டும்?" என்று கேட்கிறார்.

அன்பான கேள்விதான். ஆனால், விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குப் பாட்டியைத் தெரியாது. அவருக்குப் பாஸ்போர்ட்டை மட்டுமே தெரியும்.

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பது பழமொழி. ஊர் சொந்த ஊராக இருக்கலாம். அதற்காகச் சட்டம் இளகாது; கடல் இரங்காது; கொசு கடிக்காமல் விடாது.

பிரான்சிலிருந்து ஒரு குடும்பம் புதுச்சேரிக்கு வந்து போவது சின்னச் செலவு அல்ல. நான்கு பேருக்கு விமானச் சீட்டு வாங்கப் பல மாதம் சேமிக்க வேண்டும். இங்கே பாட்டிக்கு வயது எண்பது. அடுத்த முறை என்பது யார் கையிலும் இல்லை. அப்படிப்பட்ட பயணம் ஒரு காகிதத்தாலோ, ஒரு நாள் அசட்டையாலோ கெட்டுப்போகலாமா?

பேரன் வெளிநாட்டானது எப்படி?

1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28ஆம் தேதி இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

இந்த மண்ணில் பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் அன்று இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். விருப்பம் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று ஒப்பந்தம் இடம் கொடுத்தது. சில ஆயிரம் பேர் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள்.

பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் பெறுகிறவரைப் புதுச்சேரியில் "சொல்தா" என்பார்கள். சொல்தா வீடு என்றால் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் பிரான்சுக்குப் போனார்கள். பாரிசின் புறநகரங்களில் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள்.

அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்று ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் பிரிந்து நிற்கும் குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு வரும் அண்ணன் சட்டப்படி வெளிநாட்டவர். இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமைக்கு இடமில்லை.

ஆகவே, முதல் வேலை காகித வேலை.

விசாவா, அட்டையா?

அடிக்கடி வந்து போகும் குடும்பங்களுக்கு ஏற்றது ஓ.சி.ஐ. அட்டை. வெளிநாட்டில் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுக்கும் அட்டை இது. 2005ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது.

1947 ஆகஸ்டு 15ஆம் தேதிக்குப் பிறகு இந்தியாவோடு இணைந்த பகுதியைச் சேர்ந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. புதுச்சேரி அப்படி இணைந்த பகுதிதான்.

அட்டை இருந்தால் வாழ்நாள் முழுவதும் விசா இல்லாமல் வந்து போகலாம். ஆனால் அது குடியுரிமை ஆகாது. ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது. "தாத்தா நிலத்துக்குப் பக்கத்து நிலம் விலைக்கு வருகிறது" என்று ஆசை காட்டும் தரகரிடம் முன்பணம் கொடுக்குமுன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அட்டை ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று நம்பிச் சீட்டு வாங்கக் கூடாது. பல வாரம் ஆகும். தாத்தாவின் பிறப்புச் சான்று, தந்தையின் பிறப்புச் சான்று என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார்கள். அட்டை கைக்கு வந்த பிறகு சீட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அட்டை கிடைக்க நாளாகும் என்றால் இணையத்தில் சுற்றுலா விசா வாங்கலாம். 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என்று மூன்று வகை உண்டு. பயணத்துக்குக் குறைந்தது 4 நாளாவது முன்பு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் வரை காத்திருப்பது வீண் படபடப்பு. பாஸ்போர்ட்டில் ஆறு மாதக் காலாவதி மிச்சம் இருக்க வேண்டும். முத்திரை குத்த இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு மோசடி நடக்கிறது. அரசின் இணையப் பக்கம் போலவே வேடம் போட்ட போலிப் பக்கங்கள் உலவுகின்றன. மூன்று மடங்கு, நான்கு மடங்கு பணம் பறிக்கின்றன. இந்திய அரசின் பக்க முகவரி "ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்." என்று முடியும். அப்படி முடியாத பக்கத்தில் பணம் கட்டக் கூடாது.

குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விசா அல்லது தனி அட்டை வேண்டும். பிரான்சில் பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்தாண்டு செல்லும். சிறுவர்களின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான் செல்லும். அப்பா, அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் பார்க்க மறப்பது சாதாரணமாக நடப்பது. சிறுவனின் பாஸ்போர்ட் மாறும்போதெல்லாம் புதியதன் நகலை ஓ.சி.ஐ. இணையப் பக்கத்தில் ஏற்றவும் வேண்டும்.

பெயரில் வரும் வம்பு

புதுச்சேரிக் குடும்பங்களுக்கென்றே ஒரு தனிச் சங்கடம் உண்டு. அது பெயர்ச் சங்கடம்.

1881ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தங்கள் பரம்பரை வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர்கள், நிலையான குடும்பப் பெயர் ஒன்றையும் ஏற்க வேண்டும் என்றது அந்த ஆணை. அந்த இயக்கத்துக்கு முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை "லாப்போர்த்" என்ற பெயரை ஏற்றார். அவரைப் போலப் பல குடும்பங்கள் புதுப் பெயர் பூண்டன.

அதனால் பாட்டன் பெயர் ஒரு காகிதத்தில் ஒரு விதமாகவும், மற்றொரு காகிதத்தில் வேறு விதமாகவும் இருக்கும். தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சுக்காரர் ஒரு மாதிரி எழுதினார்கள். ஆங்கில முறையில் இன்னொரு மாதிரி எழுதினார்கள். ஊரில் அழைத்த பெயர் வேறு.

விண்ணப்பத்திலும் விமானச் சீட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதிவிட்டு விமான நிலையத்தில் விழிப்பதில் பயனில்லை. பழைய சான்றில் பெயர் மாறி இருந்தால் அதற்கு விளக்கம் கேட்பார்கள். ஊரில் உள்ள சித்தப்பாவோ அத்தையோ நகராட்சியில் சான்று நகல் எடுக்க நாலு நடை நடக்க வேண்டியிருக்கும். அதற்கும் அவகாசம் கொடுக்க வேண்டும்.

ரெயூனியன், மார்த்தினீக், குவாதலூப் தீவுகளிலிருந்தும் முன்னோர் மண்ணைத் தேடிச் சிலர் வருகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பல் ஏறிக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் அவர்கள். அத்தனை தலைமுறைக்குச் சான்று தேடுவது பெரும்பாடு. தங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்று இந்தியத் தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எப்போது வருவது?

பிரான்சில் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பெரிய விடுமுறை. பெரும்பாலோர் அப்போதுதான் வருகிறார்கள். கத்திரி வெயில் முடிந்திருந்தாலும் பகல் வெயில் கடுமையாகவே இருக்கும். காலையிலும் மாலையிலும் வெளியே போய், நடுப்பகலில் வீட்டில் இருப்பதே குழந்தைகளுக்கு நல்லது.

அந்த மாதங்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த தேர் அது. ஆகஸ்டு 15 சுதந்திர தினம். அரவிந்தர் பிறந்த நாளும் அதுவே. மறுநாள் 16ஆம் தேதி கீழூரில் விழா. 1954 அக்டோபர் 18ஆம் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த இடம் அது. இந்த நாட்களில் விடுதிகளில் இடம் கிடைப்பது கடினம். முன்பே பதிவு செய்ய வேண்டும்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் வருகிறவர்களுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி ஊரே மிதந்தது. அந்த மாதங்களில் வருகிறவர்கள் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவே புதுச்சேரியிலிருந்து புறப்படுவது என்று திட்டமிடக் கூடாது. இரண்டு நாள் இடைவெளி வைப்பது நல்லது.

மழை இல்லாமல், வெயிலும் குறைவாக வேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை.

பெட்டியில் எது வரலாம், எது வரக்கூடாது?

மின் சிகரெட்டுக்கு இந்தியாவில் 2019ஆம் ஆண்டு முதல் தடை இருக்கிறது. பிரான்சில் கடையில் விற்கிறது என்பது இங்கே செல்லாது. செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதி இல்லாமல் கொண்டு வருவது குற்றம். விவரம் தெரியாமல் கொண்டு வந்து போலீசில் சிக்கிய வெளிநாட்டார் உண்டு.

தினமும் சாப்பிடும் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கொண்டு வர வேண்டும். அவற்றைக் கைப்பையில் வைக்க வேண்டும். பெரிய பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் மாத்திரை தாமதிக்கக் கூடாது.

மது வகை பெரியவர் ஒருவருக்கு இரண்டு லிட்டர்தான் வரியில்லாமல் கொண்டு வரலாம். நகைகளும் விலை உயர்ந்த பொருள்களும் இருந்தால் சுங்க அதிகாரியிடம் தாமாகவே சொல்லிவிடுவது மானத்தைக் காக்கும்.

தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவிலிருந்து வரும் உறவினர் ஒன்றை மறக்கவே கூடாது. அது மஞ்சள் காய்ச்சல் உள்ள பகுதி. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு ஊசி போட்டுச் சான்று கொண்டு வர வேண்டும். சான்று இல்லாதவரை ஆறு நாள் வரை தனியே தங்கவைத்துவிடுவார்கள். விடுமுறையில் ஒரு வாரம் விமான நிலையத்து அறையிலேயே கழிந்துவிடும்.

பணம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.

வெளிநாட்டு நோட்டுகளாக 5,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் கொண்டு வந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். போன முறை மிச்சமான ரூபாய் நோட்டு அலமாரியில் இருக்கிறது என்று எடுத்து வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பர் 8ஆம் தேதி நள்ளிரவோடு செல்லாமல் போயின. 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக 2023 மே 19ஆம் தேதி ரிசர்வ் வங்கி அறிவித்தது. கடையில் நீட்டினால் வாங்க மாட்டார்கள்.

இன்று பூக்காரம்மா முதல் இளநீர்க் கடைக்காரர் வரை கைபேசியில் பணம் வாங்குகிறார்கள். வெளிநாட்டு வங்கிக் கணக்கு அதற்கு உதவாது. நூறு, ஐம்பது, இருபது என்று சில்லறை நோட்டுகள் கையில் இருக்க வேண்டும். பணம் மாற்றும் இடத்தில் ரசீது வாங்க வேண்டும். ஆட்டோவில் ஏறுமுன் கூலியைப் பேசிவிட வேண்டும். இறங்கும்போது பேசினால் சண்டைதான் மிச்சம்.

இறங்கியதும் ஓட வேண்டாம்

புதுச்சேரி இலாசுப்பேட்டையில் விமான நிலையம் இருந்தாலும், ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சென்னையில்தான் இறங்குகிறார்கள். அங்கிருந்து புதுச்சேரி சுமார் 150 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரப் பயணம்.

விமானம் நள்ளிரவில் இறங்கும். வந்தவர்களுக்கு உடல் அலுப்பு. கார் ஓட்டுகிறவருக்குத் தூக்கக் கலக்கம். "வீட்டில் காத்திருப்பார்கள்" என்று அந்த நேரத்திலேயே விரட்டச் சொல்வது ஆபத்து. விடியும் வரை சென்னையில் தங்கிவிட்டு வந்தால் நான்கு மணி நேரம்தான் தாமதம். நான்கு மணி நேரத்தைவிட நான்கு உயிர் பெரிது.

பிரான்சில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். இங்கே இடப்பக்கம் போகும். அங்கே வளர்ந்த பிள்ளை சாலையைக் கடக்கும்போது பழக்கத்தில் முதலில் இடப்பக்கம் பார்ப்பான். வண்டி வலப்பக்கத்திலிருந்து வரும். முதல் மூன்று நாள் குழந்தைகளைக் கையைப் பிடித்துத்தான் அழைத்துப் போக வேண்டும்.

வாடகை ஸ்கூட்டர் எடுக்கிறவர் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வைத்திருக்க வேண்டும். ஹெல்மெட் போட வேண்டும். வாடகைக்கு விடச் சட்டப்படி அனுமதி பெற்ற வண்டிக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைத் தகடு வண்டியை மலிவு என்று எடுத்தால், விபத்து நடந்த நாளில் இன்சூரன்சு கைவிட்டுவிடும்.

அழகான கடல், ஆபத்தான கடல்

புதுச்சேரிக்கு வந்து கடற்கரைக்குப் போகாதவர் இல்லை. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஓடா. காந்தி சிலையும், 1836ஆம் ஆண்டில் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும், பிரெஞ்சுப் போர் வீரர் நினைவுச் சின்னமும் பார்க்கப் பார்க்க அலுக்காதவை. சிவப்புத் தொப்பி அணிந்த போலீசாரைக் கண்டு குழந்தைகள் குதிக்கும்.

நடப்பதற்கு அது நல்ல இடம். குளிப்பதற்கு அல்ல.

அங்கே கரையில் பல இடங்களில் பாறாங்கல். பாசி படிந்து வழுக்கும். அதன்மேல் நின்று படம் எடுக்கப் போய்க் கால் தவறினால், கல்லுக்கும் அலைக்கும் நடுவே அகப்பட்டவரை மீட்பது மிகக் கடினம்.

மணல் உள்ள கடற்கரைகளில் வேறு ஆபத்து. அலை கரைக்குக் கொண்டு வந்து கொட்டிய தண்ணீர் ஏதாவது ஒரு வழியில் கடலுக்குத் திரும்பித்தானே ஆக வேண்டும்? அது ஒடுக்கமான வாய்க்கால் போல வேகமாகத் திரும்பி ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. அமைதியாகத் தெரியும். "இங்கே அலை இல்லை, இங்கே இறங்கலாம்" என்று குழந்தையை அழைத்துப் போகும் இடமே இழுத்துப் போகும் இடம்.

இழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. எதிர்த்தால் கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் நீந்தி, இழுப்பை விட்டு விலகிய பிறகு கரையை நோக்கி வர வேண்டும். நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். கரையில் இருப்பவர் பாசத்தில் குதித்துவிடக் கூடாது. ஒருவரைக் காக்கப் போய் மூவர் மாண்ட செய்திகள் எத்தனையோ!

பிரான்சில் நீச்சல் குளத்தில் பரிசு வாங்கிய பிள்ளை என்பதும் இங்கே கணக்கில் வராது. குளம் இழுக்காது, கடல் இழுக்கும். கடலில் கால் நனைக்க ஆசை என்றால், காவலர் இருக்கும் இடத்தில், காவலர் சொல்லும் எல்லைக்குள் நனைக்க வேண்டும். சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரை 2021ஆம் ஆண்டு நீலக்கொடிச் சான்று பெற்றது. காவலர் உள்ள இடம் என்பதும் அந்தச் சான்றுக்கு ஒரு நிபந்தனை.

உடம்பு ஊரை மறந்துவிடும்

வெளிநாட்டுப் பயணிகளில் யாருக்கு நோய் அதிகம் வருகிறது? உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் டைபாய்டு, மலேரியா போன்றவை அதிகம் வருகின்றன என்பது பயண மருத்துவர்கள் நெடுநாளாகக் கண்டுவரும் உண்மை.

காரணம் எளிது. சொந்த ஊர் என்ற தைரியத்தில் அவர்கள் டாக்டரைப் பார்ப்பதில்லை. ஊசி போடுவதில்லை. கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் குடிக்கிறார்கள். இருபது வருடம் வேறு நாட்டில் வாழ்ந்த உடம்பு, இந்த ஊர்த் தண்ணீரை மறந்திருக்கும். அங்கே பிறந்த குழந்தையின் உடம்புக்கு இந்த ஊர் தெரியவே தெரியாது.

புறப்பட ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து, டைபாய்டு முதலிய தடுப்பூசிகளைப் பற்றிக் கேட்க வேண்டும். கொதிக்க வைத்த நீர் அல்லது முத்திரை உடையாத பாட்டில் நீர் குடிக்க வேண்டும். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும். ஆகவே இரவுக்கு மட்டும் கொசுவலை போதாது. நாய் கடித்தால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் பத்து வைத்து நாளைக் கடத்துவது உயிருக்கு உலை.

ஆம்புலன்சுக்கு 108. போலீசு, தீயணைப்பு முதலிய எந்த அவசரத்துக்கும் 112. சுற்றுலாப் பயணிகளுக்கான 1363 என்ற எண்ணில் பிரெஞ்சு மொழியிலும் உதவி கேட்கலாம். இந்த மூன்று எண்களையும் தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளின் சட்டைப் பையிலும் எழுதி வைக்க வேண்டும்.

எல்லை தெரிந்து நடக்க வேண்டும்

புதுச்சேரி ஒரு வேலி போட்ட ஊர் அல்ல. ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு தமிழ்நாடு என்று கலந்து கிடக்கும். இங்கே வாங்கிய மதுப் புட்டியைக் காரில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டினால், சோதனைச் சாவடியில் வழக்கு. கார் பறிபோகவும் கூடும். "எனக்குத் தெரியாது" என்று பிரெஞ்சில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் பலன் ஒன்றுதான்.

கோயிலிலும் ஆசிரமத்திலும் அந்தந்த இடத்து முறை உண்டு. அரவிந்தர் ஆசிரமச் சமாதிக்கு மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அனுமதிப்பதில்லை. ஆரோவில் மாத்ரி மந்திரின் உள்ளே போக முன்பதிவு வேண்டும். நினைத்தவுடன் போய் நின்றால் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். முன்பு வந்தவர்கள் மணக்குள விநாயகர் கோயிலில் யானை லட்சுமியைத் தேடுவார்கள். 2022 நவம்பர் 30ஆம் தேதி அது இறந்துவிட்டது. குழந்தைகளிடம் ஆசை காட்டி அழைத்துவரும் பெற்றோர் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பாஸ்போர்ட் தொலைந்தால் அழுதுகொண்டு நிற்கக் கூடாது. முதலில் போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அது புதுச்சேரியிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட், விசா நகல்கள் வேறு பையில் தனியே இருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

வீட்டாருக்கும் கடமை உண்டு

இவ்வளவும் வருகிறவருக்கு. வரவேற்கிறவருக்கு ஒன்றுமில்லையா?

உண்டு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவரைத் தங்க வைக்கும் விடுதியும் வீடும் 24 மணி நேரத்துக்குள் அதை அதிகாரிகளுக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். "என் அக்கா மகனுக்கு நான் எதற்குப் பதிவு செய்ய வேண்டும்?" என்று கேட்கக் கூடாது. அக்கா மகன் நிம்மதியாக ஊர் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான்.

அன்பு மிகுதியில் வந்த அன்றே ஐந்து வீட்டு விருந்து வைப்பதும் தவறு. பாரிசில் பகல் 12 மணி என்றால் புதுச்சேரியில் கோடையில் மாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. உடம்பு அந்தக் கணக்குக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் இரண்டு நாள் ரசம் சாதமும் தூக்கமுமே பெரிய விருந்து.

ஊருக்கும் கடமை உண்டு. விருந்தாளியிடம் இரட்டை விலை கேட்பது ஒரு நாள் லாபம். பல நாள் நஷ்டம். ஏமாந்தவர் ஊர் திரும்பிப் பத்துப் பேரிடம் சொல்வார். நகராட்சியும் சுற்றுலாத் துறையும் கடற்கரை தோறும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எச்சரிக்கைப் பலகைகள் பளிச்சென்று தெரியும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். காவலர் இல்லாத கடற்கரையே இல்லை என்ற நிலை வர வேண்டும். விமானச் சீட்டு வாங்கி இத்தனை தூரம் வருகிறவர்களுக்கு இது சலுகை ஆகாது; ஊரின் மரியாதை.

வெள்ளம் வருமுன் அணை போடுகிறவனுக்குத்தான் விளைச்சல். பயணமும் அப்படியே. புறப்படுமுன் ஒரு மாலை குடும்பத்தோடு உட்கார்ந்து பாஸ்போர்ட், அட்டை, ஊசி, மருந்து, இன்சூரன்சு, பணம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டால் போதும். பிறகு பயமில்லை.

வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குச் சட்டம் தெரியாது, விசா தெரியாது. பேரன் எந்த நாட்டுக் குடிமகன் என்பதும் அவளுக்கு ஒரு பொருட்டல்ல. முழுதாக வந்தானா, முழுதாகத் திரும்பினானா என்பதுதான் அவளுக்கு வேண்டும். அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுப்பது வருகிறவர் கையில் பாதி; வரவேற்கிறவர் கையில் பாதி.